தாயாட்டிடம் பால் குறைந்தால்... ராமநாதபுரம் கரையோரச் செம்மறி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆட்டுக் கிடைகளில் ஈத்து (குட்டி ஈனுதல்) நடக்கும் நேரம் இது. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன: தாயிடம் பால் பற்றவில்லை, குட்டியை எப்படித் தேற்றுவது? பால்குட்டிகள் அதிகம் சாவது முதல் ஒரு வாரத்தில்தான். அதில் பெரும்பகுதி பசியாலும் குளிராலும் வருவது. நோயைப் போல அல்லாமல், இவை இரண்டையும் வீட்டிலேயே தடுத்துவிட முடியும். அதனால் பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறோம்.

கேள்வி: எங்கள் ராமநாதபுரம் வெள்ளை ஆடு இரட்டைக்குட்டி போட்டு நான்கு நாளாகிறது. குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன. ஆட்டுக்குப் பால் இல்லையா, குட்டிக்கு ஊட்டத் தெரியவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கீழக்கரை வாசகர்

பதில்: மடியையும் குட்டியின் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மடி தொய்ந்து கிடக்கிறது, குட்டியின் வயிறு நிறைந்திருக்கிறது என்றால் கவலையே இல்லை. இப்போதுதான் குடித்திருக்கிறது. மடி இறுக நிறைந்திருக்க, குட்டியின் வயிறு ஒட்டியிருந்தால் பால் இருக்கிறது, குட்டிதான் குடிக்கவில்லை. காம்பு நுனியில் சீம்பால் காய்ந்து அடைத்திருக்கலாம். இரண்டு காம்பையும் பிதுக்கி நான்கைந்து பீச்சு வெளியே விடுங்கள். காம்பு தடித்துக் குட்டியின் வாய்க்குள் அடங்காமல் இருக்கலாம். முள் கிழித்த புண்ணால் தாயே உதைத்துத் தள்ளலாம். மடியும் தொய்வு, வயிறும் ஒட்டல் என்றால்தான் உண்மையான பால் குறைவு. மடியில் ஒரு பக்கம் மட்டும் கல்லாக இருந்தால் அது மடிநோய். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

வயிறு நிறைந்த குட்டி தூங்கி எழுந்ததும் முதுகை வளைத்து நெட்டி முறிக்கும். பசித்த குட்டி முதுகைக் கூனி, நான்கு காலையும் ஒன்றாக வைத்து, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். கத்துகிற குட்டிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கத்திக் கத்தி ஓய்ந்து மூலையில் படுத்துவிட்ட குட்டியைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு வழி: தொங்கவிடும் டிஜிட்டல் தராசில் குட்டியைத் துணிப்பையில் போட்டு எடை பாருங்கள். அதற்கு முன் 3 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்திருக்க வேண்டும். எடை பார்த்ததும் ஊட்ட விட்டு, உடனே மறுபடி எடை போடுங்கள். கூடிய எடைதான் குடித்த பால். இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி வேண்டும். அப்படியானால் 3 மணி நேர இடைவெளிக்கு 60 கிராமாவது கூடியிருக்க வேண்டும். 20 கிராம்தான் கூடியது என்றால் தாயால் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்க முடிகிறது, மீதியை நீங்கள் கொடுக்க வேண்டும். ஒரு வேளையை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வேளை பாருங்கள். தராசு 10 கிராம் வித்தியாசத்தையாவது காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

நம் வெள்ளை ஆடுகள் பெரும்பாலும் ஒற்றைக்குட்டி போடுபவை. இரட்டை விழுந்தால் பால் பற்றாமல் போவது இயல்பு. இரண்டில் ஒன்று எப்போதும் முந்திக்கொள்ளும். புட்டிப்பால் தேவைப்படுவது பிந்திய குட்டிக்குத்தான். வலுத்த குட்டியைப் பிரித்துவிட்டுச் சவலைக் குட்டியைத் தாயிடம் விடுவதா என்று பலர் கேட்கிறார்கள். பிரிக்க வேண்டாம். இரண்டையும் தாயோடு விட்டு, தாயிடம் ஊட்டி முடித்த பிறகு பிந்தியதற்குப் புட்டி கொடுங்கள். குட்டி முட்டி முட்டி ஊட்டுவதுதான் மடியைப் பால் சுரக்க வைக்கிறது. ஊட்டல் நின்றால் இருக்கும் பாலும் வற்றிவிடும்.

கேள்வி: ஈன்ற ஆடு எழவே இல்லை, சீம்பாலும் வரவில்லை. குட்டி பிறந்து இரண்டு மணி நேரமாகிறது. பசும்பால் கொடுத்துவிடலாமா?
– திருப்புல்லாணி வாசகர்

பதில்: சீம்பால் எங்கே கிடைக்கும் என்று தேடுவதுதான் முதல் வேலை. ஆட்டின் கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருவதில்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம்தான் முழுதாக இருக்கும். நேரம் ஆக ஆகக் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். அதனால் முதல் 2 மணி நேரத்துக்குள் ஒரு வேளை, 6 மணி நேரத்துக்குள் இன்னொரு வேளை போய்ச் சேர வேண்டும்.

அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லி வீதம் ஒரு வேளைக்கு. இரண்டரைக் கிலோ குட்டிக்கு 125 மில்லி. முதல் நாளில் இப்படி நான்கு வேளை. அதே நாளில் ஈன்ற வேறு செம்மறியிடம் கறந்தால் நல்லது. பக்கத்து வீட்டில் ஈன்ற கொடி ஆடு இருந்தாலும் போதும், வெள்ளாட்டுச் சீம்பால் நன்றாகவே வேலை செய்யும். இரண்டும் இல்லாவிட்டால் பசுவின் சீம்பால். அது செம்மறிச் சீம்பாலை விடச் சற்று மெலிது, எனவே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுங்கள். அரிதாகச் சில பசுக்களின் சீம்பால், குட்டிகளுக்கு ஓரிரு வாரம் கழித்து ரத்தசோகையைக் கொண்டுவரும். அதனால் இரண்டு மூன்று பசுவின் சீம்பாலைக் கலந்து கொடுப்பது பாதுகாப்பு. குட்டி வெளுத்துச் சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தச் சீம்பாலையும் காய்ச்சாதீர்கள். காய்ச்சினால் திரிந்துவிடும், எதிர்ப்புச் சக்தியும் அழிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றினால் போதும். குட்டி செத்துப்போன ஆடு, பால் மிகுந்த ஆடு ஆகியவற்றிடம் முதல் நாள் கறந்த சீம்பாலை 100 மில்லி அளவில் சின்னச் சின்னப் பைகளாக ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் அந்த ஈத்துக் காலம் முழுவதும் கைகொடுக்கும். கீதாரிகள் (கிடை போட்டு ஆடு மேய்ப்பவர்கள்) நான்கைந்து பேர் சேர்ந்து ஊரில் ஒரு வீட்டு ஃப்ரீசரில் இதை வைத்துக்கொள்ளலாம்.

கொடுப்பதற்கு முன் குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்கக் கூடாது. மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் சரி. 37 முதல் 39 என்றால் துடைத்துக் காயவைத்து, சாக்கில் சுற்றி, பால் கொடுக்கலாம். 37-க்குக் கீழே போய்விட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெரியாது, பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடேற்ற வேண்டும். ஆனால் பிறந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஆன குட்டி அப்படிச் சில்லிட்டிருந்தால் அதன் உடம்பில் சர்க்கரைச் சத்தே மிச்சமிருக்காது. வெறுமனே சூடேற்றினால் வலிப்பு வந்து சாகும். முதலில் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட்டாக வேண்டும், அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. 1962-க்குப் போன் செய்யுங்கள், அரசின் கால்நடை அவசர ஊர்தி அந்த எண்ணில்தான்.

தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தொட்டு வைக்க மறக்க வேண்டாம். சீம்பால் குறைவாகக் குடித்த குட்டிக்குத் தொப்புள் வழியாக வரும் சீழ் இரட்டை ஆபத்து.

கேள்வி: பசும்பாலில் பாதித் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கருப்பட்டியும் கலந்து கொடுத்தோம். சத்துக்கு இடையிடையே சோறு வடித்த கஞ்சியும் கொடுத்தோம். மூன்றாம் நாளே கழிச்சல். எந்தப் பால், எவ்வளவு, எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?
– சாயல்குடி வாசகர்

பதில்: நீங்கள் கலந்த மூன்றுமே குட்டிக்கு ஒத்துக்கொள்ளாதவை. இதே கலவையை இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

தண்ணீர்: செம்மறிப் பால் நம் பசும்பாலை விட மிகவும் கெட்டி. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம் என்றால் செம்மறிப் பாலில் 6 முதல் 7 இருக்கும், புரதமும் அதிகம். பசும்பாலே மெலிது, அதில் பாதித் தண்ணீர் விட்டால் குட்டியின் வயிறுதான் நிறையும், உடம்பில் ஒட்டாது. கருப்பட்டி: ஆடு மாடு இனங்களின் குடலில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றின் இனிப்பைச் செரிக்கும் நொதி கிடையாது. செரிக்காத இனிப்பு குடலில் தண்ணீரை இழுத்து, கிருமிகளுக்குத் தீனியாகிக் கழிச்சலில் முடியும். இனிப்புத்தான் தேவை என்றால் மருந்துக்கடைக் குளுக்கோஸ் பவுடர் மட்டுமே. கஞ்சி: மூன்று வாரம் ஆகாத குட்டிக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் மிகக் குறைவு. அரிசிக் கஞ்சி, கேப்பைக் கூழ், பார்லித் தண்ணி எல்லாம் ஒரே கணக்குத்தான். நமக்கு நோய்வாய்ப்பட்டால் தேற்றுகிற உணவு குட்டிக்கு நோயைக் கொடுக்கிறது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அன்போடுதான் கொடுக்கிறார்கள்.

கொடுக்கத் தகுந்தவை: வெள்ளாட்டுப் பால், எருமைப் பால், கெட்டியான பசும்பால், தண்ணீர் கலக்காமல். வீட்டில் கறவை இல்லாதவர்கள் ஆவின் பாக்கெட் வாங்கினால் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டை வாங்குங்கள், அதில் 6 சதவீதக் கொழுப்பு. நீலப் பாக்கெட்டில் பாதிதான், 3 சதவீதம். கறந்த பாலைக் காய்ச்சி, 38 முதல் 40 டிகிரிக்கு ஆற வைத்துக் கொடுங்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. பால்பவுடர் என்றால் கொழுப்பு எடுக்காத பவுடர், லிட்டருக்கு 180 கிராம் வரை. தேநீருக்குக் கலக்கும் சர்க்கரை சேர்த்த பவுடர்கள் ஆகாது. செம்மறிக்குட்டிக்கென்றே வரும் பால்மாற்று மாவு கிடைத்தால் மிகச் சிறப்பு, உறையில் போட்ட அளவுப்படி கரையுங்கள். கன்றுக்குட்டிக்கான மாவு அவசரத்துக்குத்தான். அதில் கொழுப்பு குறைவு, செம்புச் சத்து சேர்த்திருப்பார்கள், செம்மறிக்குச் செம்பு விரைவில் நஞ்சாகும்.

இன்னொன்று, பவுடரைக் கரைக்கும் தண்ணீர். உப்புக்கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் பால் கொடுக்கும்போதெல்லாம் உப்பும் சேர்ந்து போகிறது. பெரிய ஆடு தாங்கிவிடும், குட்டியின் சிறுநீரகம் தாங்காது. வீட்டில் குடிக்கிற நல்ல தண்ணீரில் மட்டும் கரையுங்கள்.

அளவு: ஒரு நாளைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாம், மூன்றாம் நாட்களில் இரண்டரைக் கிலோ குட்டிக்கு 80 மில்லி வீதம் 6 வேளை. முதல் வாரம் முடியும்வரை 100 முதல் 120 மில்லி, 5 வேளை. இரண்டாம் வாரம், குட்டி மூன்றரைக் கிலோவை நெருங்கும்போது 150 முதல் 175 மில்லி, 4 வேளை. மூன்றாம் நான்காம் வாரங்களில் 250 மில்லி, 3 வேளை. இது தாய்ப்பாலே இல்லாத குட்டிக்கான கணக்கு. தாயிடம் பாதி கிடைக்கிறதென்றால் பாதிதான் கொடுக்க வேண்டும். பசித்த குட்டி கொடுக்கக் கொடுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும், கண் பார்த்து ஊற்றாதீர்கள், அளந்து ஊற்றுங்கள். ஆறு வேளையை இரண்டு வேளையாகச் சுருக்கி மொத்தமாகக் கொடுப்பதால்தான் வயிறு கெடுகிறது. முதல் வாரம் இரவு 10 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் எழுந்தாக வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. பால் வகையை மாற்ற வேண்டியிருந்தால் மூன்று நான்கு நாளில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள்.

இப்போது இருக்கும் கழிச்சலுக்கு: மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, வேளைக்கு 100 மில்லி, நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதில் இருப்பது குளுக்கோஸ் என்பதால் குட்டிக்கு ஒத்துக்கொள்ளும். வீட்டில் சர்க்கரை, உப்பு போட்டுக் கரைப்பது வேண்டாம். இதைப் பாலில் கலக்கக் கூடாது, கலந்தால் பால் வயிற்றில் உறையாது. பாலுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பாலை ஒரு நாளுக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், பட்டினி கழிச்சலைக் குணப்படுத்தாது. சாணத்தில் ரத்தம், கண் உள்வாங்குதல், தோலைக் கிள்ளினால் அப்படியே நிற்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: புட்டிப்பால் குடித்த குட்டிக்கு மூக்கில் பால் வழிந்து, மறுநாள் இழுப்பு வந்து செத்தது. இன்னொன்று குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு தவில் மாதிரி உப்பிச் செத்தது. என்ன தவறு?
– வாலிநோக்கம் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு காரணம். முதலாவது, பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாத்திக் கொடுப்பது, தலையை வானம் பார்க்கத் தூக்குவது, பால் வேகமாக ஒழுகும் பெரிய ஓட்டை, இவைதான் காரணம். குட்டி நான்கு காலிலும் நிற்க வேண்டும். நீங்கள் பின்னால் மண்டியிட்டு, ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, தாயின் மடிக்கு எவ்வளவு தலை தூக்குமோ அவ்வளவுதான் தூக்க விடுங்கள். ரப்பர் காம்பைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கோடாக ஒழுகினால் அந்தக் காம்பை மாற்றுங்கள். குட்டி தானாகச் சப்பினால் மட்டும் கொடுங்கள். சங்கிலும் பாலாடையிலும் எடுத்து வாயில் ஊற்றுவது வேண்டாம். சப்பத் தெம்பில்லாத குட்டிக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் கொடுக்க வேண்டும். அதை மருத்துவரோ பழகியவரோ ஒருமுறை செய்துகாட்டிய பிறகே செய்யுங்கள்.

சப்பிக் குடிப்பதில் இன்னொரு அவசியமும் இருக்கிறது. குட்டி சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மடிந்து குழாயாகி, பாலை முதல் இரைப்பையில் இறங்க விடாமல் நேரே நான்காம் இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. சட்டியில் வைத்து நக்க விட்டாலும், வாயில் ஊற்றினாலும் அந்தப் பள்ளம் சரியாக மூடாது, பால் முதல் இரைப்பையில் விழுந்து புளித்துப்போகும்.

இரண்டாம் குட்டியின் உப்புசம், நீண்ட நேரப் பசிக்குப் பிறகு ஒரே மூச்சில் அதிகப் பால் குடித்ததால் நான்காம் இரைப்பையில் கிருமிகள் பெருகி வாயு கட்டுவது. கழுவாத புட்டி இதைத் தூண்டும். நேரம் தவறாமல் சிறு சிறு வேளையாகக் கொடுப்பதும், ஒவ்வொரு வேளைக்கும் புட்டியையும் காம்பையும் கழற்றிப் பிரஷ் போட்டு வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்ப்பதும்தான் தடுப்பு. காம்பின் உள் மடிப்பில் படியும் பால் ஆடைதான் கிருமிக்கூடு. உப்பத் தொடங்கினால் அடுத்த வேளைப் பாலை நிறுத்துங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கும் குட்டியின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். மூச்சோடு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆட்டின் மடியில் ஒரு பக்கம் மட்டும் கல்லாகி, சூடாக இருக்கிறது. பால் தண்ணீராக, திரிதிரியாக வருகிறது. குட்டி ஊட்டலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: மடிநோய். நோயான பக்கத்தில் ஊட்ட விடாதீர்கள், நல்ல பக்கம் ஊட்டலாம். பால் பாதியாகிவிட்டதால் மீதியைப் புட்டியில் கொடுங்கள். நோய்ப் பாலை நாளைக்கு நான்கைந்து தடவை ஒரு கிண்ணத்தில் பீச்சி எடுத்து, தொழுவத்தில் கொட்டாமல் தள்ளிப் புதைத்துவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த ஆட்டைத் தொடுங்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது மாட்டு மடிநோய்க்குப் பரவலாக இருக்கும் வைத்தியம். துணைக்குப் பூசலாம், ஆனால் குட்டி வாய் வைக்கும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். அதையே நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே ஆன்டிபயாடிக் போட்டால் அந்தப் பாதி தப்பிக்கும். மடி சில்லிட்டு நீலம் அல்லது கறுப்பு நிறமாக மாறினால் அது அழுகல். அப்போது ஆட்டின் உயிரைக் காப்பதே பெரிது, அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். தேறினாலும் அடுத்த ஈத்துக்கு அந்த ஆட்டை வைத்திருக்காதீர்கள்.

குட்டிகளின் உதட்டைச் சுற்றிப் பொருக்குத் தட்டிய புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காம்புக்குத் தொற்றினால் வலியில் தாய் ஊட்ட மறுக்கும், மடிநோயும் தொடரும். மனிதர் கைக்கும் ஒட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டுக்கு என்ன கொடுத்தால் பால் ஊறும்? எங்கள் கிணறு உப்பு. பால் இறங்க ஊசி போடலாம் என்கிறார்கள்.
– உச்சிப்புளி வாசகர்

பதில்: ஊசியைப் பற்றி முதலில். அது மடியில் இருக்கும் பாலை இறக்கிவிடும், இல்லாத பாலை உண்டாக்காது. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

பால் ஊறத் தண்ணீர்தான் முதல் தீவனம். பால் கொடுக்கும் ஆடு வெயில் நாளில் 6 முதல் 8 லிட்டர் வரை குடிக்கும். நம் ஆடுகள் ஓரளவு உப்பைப் பழகியவை. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் உப்புவரை பால் ஆடும் சமாளிக்கும், அதற்கு மேல் தண்ணீர் குடிப்பதையும் தீனி தின்பதையும் குறைத்துக்கொள்ளும், பால் இறங்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி கிணறு, ஊத்து, கண்மாய் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். மழை முடிந்த மாதத்துக்கும் சித்திரைக்கும் ஒரே கிணற்றில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். மணல் மேட்டில் தோண்டிய ஆழமில்லாத ஊத்துத் தண்ணீர் பெரும்பாலும் நல்லதாக இருக்கும். ஈன்ற ஆட்டுக்கு அதையே ஒதுக்குங்கள், மற்ற ஆடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் போகட்டும்.

தீவனத்தில், மேய்ச்சல் போக ஒற்றைக்குட்டி ஆட்டுக்கு 250 கிராம், இரட்டைக்குட்டிக்கு 400 கிராம் அடர்தீவனம். கம்பு அல்லது மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு, தவிடு ஏறக்குறைய சம பங்காக இருக்கலாம். ஊறவைத்த பருத்திக்கொட்டை 100 கிராம் சேர்க்கலாம், தாய்க்கு மட்டும். அதில் இருக்கும் நஞ்சை அசைபோடத் தொடங்காத குட்டியின் வயிறு முறிக்காது. காய்ந்த சீமைக்கருவேலங்காயை அரைத்துச் சேர்க்கிறீர்கள் என்றால் கலவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். உடை மரத்து நெற்று, கடலைக்கொடி, அகத்தி, பூவரசந்தழை எல்லாம் நல்லவை. புதுத் தீவனத்தை ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கூட்டுங்கள். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைக் கொண்டுவந்து ஈன்ற ஆட்டுக்கு வயிறார வைப்பது நம் பக்கத்தில் நடக்கிறது. வயிற்றில் அமிலம் ஏறி, ஆடு இரண்டே நாளில் விழுந்துவிடும்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. மழைக்குப் பின், ஈன்ற நேரத்தில் இது உச்சத்துக்குப் போகும். எவ்வளவு தீனி போட்டாலும் புழுவுக்குத்தான் போகும். சாணத்தைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்து கொடுங்கள். ஈன்ற பிறகு காட்டும் கவனத்தை விட ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரம் காட்டும் கவனம் பலன் தரும். மடி வளர்வதும், குட்டி எடை போடுவதும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் மேய்ச்சலுக்குப் போகாமல் பட்டினி கிடந்த சினை ஆடுதான் தையில் பால் இல்லாமல் நிற்கிறது.

கேள்வி: குட்டி செத்த ஆட்டிடம் தாயில்லாக் குட்டியைச் சேர்க்க முடியுமா? முட்டித் தள்ளுகிறது.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: முடியும், தாய் மோப்பத்தால்தான் தன் குட்டியை அடையாளம் காண்கிறது. செத்த குட்டி ஈரம் காயாமல் இருந்தால் அந்தப் பனிக்குடத் தண்ணீரைச் சேர்க்க வேண்டிய குட்டியின் தலை, முதுகு, முக்கியமாக வால் பக்கம் தடவுங்கள். காய்ந்துவிட்டால் செத்த குட்டியின் தோலை உரித்து நான்கு கால் ஓட்டையோடு இதற்குச் சட்டையாகப் போடுவது பழைய முறை. நோயில் செத்த குட்டியின் தோல் வேண்டாம். இரண்டு நாளில் தாயின் பால் குட்டியின் சாணத்தில் மணக்கத் தொடங்கும், பிறகு தோலைக் கழற்றிவிடலாம். ஆட்டை நாலடிக்கு நாலடித் தடுப்பில், தலையைத் திருப்பி முட்ட முடியாமல் கழுத்தைக் கட்டி, தண்ணீரும் தீனியும் எட்டுகிற மாதிரி வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். அதுவரை குட்டியின் வயிற்றை ஒவ்வொரு வேளையும் தடவிப் பார்த்துக் குறைந்தால் புட்டி கொடுங்கள்.

வெள்ளாட்டிடம் சேர்க்கிறவர்கள் கொடி ஆட்டின் உயரத்தைக் கவனியுங்கள், சிறு குட்டிக்கு மடி எட்டாமல் போகலாம். ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கருவாட்டுத் தூளைப் பாலில் கலக்கிக் கொடுத்தால் குட்டி சீக்கிரம் தேறுமா?
– மூக்கையூர் வாசகர்

பதில்: வேண்டாம். பால்குட்டிக்கு அது செரிக்காது, அதில் உப்பும் மிக அதிகம். வலை காயப்போடும் இடத்துக்கும் குட்டியை விடாதீர்கள். பசித்த குட்டி நைலான் துண்டையும் மணலையும் தின்று குடல் அடைத்துச் சாவது இந்தக் கரையில் உண்டு. மண் தின்பதே பால் பற்றவில்லை என்பதற்கு ஓர் அடையாளம்.

கேள்வி: எப்போது தீனி பழக்கலாம், எப்போது புட்டியை நிறுத்தலாம்?
– மண்டபம் வாசகர்

பதில்: பத்து நாளிலிருந்தே குட்டி கடிக்கிற உயரத்தில் அகத்தி, வேலிமசால் கொத்துகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து அழுக்காகும். இரண்டு வாரம் முடிந்ததும் அடர்தீவனம். 10 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப்புண்ணாக்கு 3 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். தாது உப்பு ஆட்டுக்கென்று வருவதாக இருக்கட்டும். மாட்டுக்கு வருவதில் செம்பு அதிகம். புண்ணாக்கில் பூஞ்சைக் காளான் வாடையோ பச்சை நிறமோ தெரிந்தால் முழு மூட்டையையும் ஒதுக்குங்கள். கடலோர ஈரக்காற்றில் சாக்கைத் தரையில் வைத்தாலே பூசணம் பிடித்துவிடும், பலகை போட்டு மேலே வையுங்கள்.

தாயாடு நுழைய முடியாமல் குட்டி மட்டும் புகுகிற இடைவெளி விட்டு ஒரு தடுப்பு கட்டி, அதற்குள் தீவனத்தை வையுங்கள். பனைமட்டையே போதும். முதலில் நாளைக்கு ஒரு கைப்பிடிதான் தொடும். மிச்சத்தைத் தினமும் எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். நல்ல தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும், பால் குடிக்கிற குட்டிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது தவறு, தண்ணீர் இல்லாமல் முதல் இரைப்பை வளராது.

வயதை மட்டும் பார்த்துப் பாலை நிறுத்தாதீர்கள். குட்டி பிறந்த எடையைப் போல மூன்று மடங்காவது ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் 100 கிராமுக்குக் குறையாமல் அடர்தீவனம் தின்றிருக்க வேண்டும், அசைபோடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நல்ல தீனி கிடைத்த குட்டி 60 நாளில் இந்த நிலைக்கு வரும். சவலைக் குட்டிக்கு 90 நாள்வரை ஆகலாம். நிறுத்தும்போது முதலில் நடுப்பகல் வேளை, நான்கு நாள் கழித்து இரவு வேளை, கடைசியாகக் காலை வேளை. பாலில் தண்ணீர் கலந்து மெலிதாக்கிக்கொண்டே வருவது வேண்டாம், வேளையைக் குறையுங்கள். நிறுத்துகிற வாரத்தில் குடற்புழு மருந்து, தடுப்பூசி, இடமாற்றம், சந்தைப் பயணம் எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். துள்ளுமாரி (குடலில் நஞ்சேறும் நோய்) தடுப்பூசியைத் தாய்க்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டு, குட்டி சீம்பாலும் குடித்திருந்தால் தொடக்க வாரங்களுக்குப் பாதுகாப்பு இருக்கும். சீம்பால் குடிக்காமல் புட்டியில் வளர்ந்த குட்டிக்கு அது கிடையாது. அந்தக் குட்டிகளை அடையாளம் போட்டு வைத்து, தடுப்பூசி எப்போது போடலாம் என்று கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.